மணிவடிவ வளைகோடு

ஓர் ஊரிலுள்ள ஆடவர் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி, அவர்களுடைய உயரத்தை அளப்பதாகக் கொள்வோம். மிகவும் குள்ளமானவர் சிலரே இருப்பர். மிகவும் நெடியவரும் சிலரே இருப்பர். நடுத்தர உயரம் உடையவரே பெரும்பாலோர். நடுவிலிருந்து இரு புறமும் விலகிச் செல்லச் செல்ல ஆட்களின் தொகை குறைந்துகொண்டே போய், ஓரங்களில் ஒருவர் இருவராக அருகிவிடும். உயரத்தைக் கிடையாகவும் ஆட்களின் தொகையைச் செங்குத்தாகவும் வைத்து இதனைத் தாளில் வரைந்தால், கோயில் மணியொன்றைத் தரையில் வைத்தாற்போன்ற வடிவம் தோன்றும். அவ்வடிவத்தைக் கணித வாய்பாட்டின்படி செம்மையாக வரைந்த கோட்டிற்குப் புள்ளியியலார் 'இயல்நிலை வளைகோடு' என்று பெயரிட்டுள்ளனர். மணிவடிவ வளைகோடு என்றும் அதனைக் கூறுவதுண்டு.

இக்கோட்டைக் கையால் வரைவதற்கு ஒரு காலத்தில் அட்டவணைப் புத்தகமும் நிறைந்த பொறுமையும் வேண்டியிருந்தன. இக்காலத்தில் அவ்வேலையைக் கணினி சில நொடிகளில் முடித்துவிடுகிறது. விற்பனைக் கணக்கு, சரக்கிருப்புக் கணக்கு, வருகைக் கணக்கு முதலியவற்றைத் திரட்டித் தொகுத்துப் படமாக்கிக் காட்டுவதற்கென்றே மென்பொருள்கள் சில தோன்றியுள்ளன. அவற்றை வணிக நுண்ணறிவு மென்பொருள்கள் என்பர். பவர் பிஐ, டேப்லோ, கிளிக் என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. வாணிப நிலையங்களில் மட்டுமன்றி, மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இவை இன்று பயன்படுகின்றன. இத்தகைய மென்பொருளில் இயல்நிலை வளைகோட்டை வரைவது எவ்வாறு என்பதையும், வரைந்தபின் அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இங்கு ஆராய்வோம். முன்னதைக் காட்டிலும் பின்னதே முதன்மையானது.

முதலில், இம்மணிவடிவம் ஏன் தோன்றுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பத்து நாணயங்களை ஒருசேரச் சுண்டிவிடுவோம். அவை விழக்கூடிய வகைகள் மொத்தம் 1024. பத்தும் தலையாக விழுவதற்கு அவற்றுள் ஒரே ஒரு வகைதான் உண்டு. ஒன்பது தலைகள் விழுவதற்கு 10 வகைகளும், எட்டுத் தலைகளுக்கு 45 வகைகளும், ஏழுக்கு 120 வகைகளும், ஆறுக்கு 210 வகைகளும் உண்டு. ஐந்து தலைகள் விழுவதற்கோ 252 வகைகள் இருக்கின்றன. அதற்கப்பால் அதே எண்கள் தலைகீழ் வரிசையில் இறங்கி வருகின்றன. நடுவிலுள்ள விளைவு அடிக்கடி நிகழ்வதற்குக் காரணம், அதனை அடையும் வழிகள் பலவாக இருப்பதே. ஒன்றையொன்று சாராத சிறு சிறு காரணங்கள் பல சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ ஒரு விளைவை உண்டாக்குமாயின், அவ்விளைவுகள் மணிவடிவில் பரவும். இக்கருத்தினை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காரணங்கள் பலவாகவும், சிறியனவாகவும், தனித்தனியானவையாகவும் இருத்தல் வேண்டும். இவற்றுள் எது தவறினும் மணிவடிவம் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்வுண்மையைக் கணிதவழியில் முதன்முதல் கண்டவர், பிரான்சு நாட்டிலிருந்து அகதியாக வந்து இலண்டனில் கணிதம் கற்பித்து வாழ்ந்த ஆபிரகாம் தெ மாய்வர் என்பவர். நாணயங்களின் தொகை மிகமிகப் பெருகும்போது மேற்கூறிய எண்கள் எந்தக் கோட்டை நெருங்குகின்றன என்பதை அவர் 1733-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், வானியல் அளவைகளில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் காஸ், 1809-இல் வெளியிட்ட தம் நூலில் இதே கோட்டினைப் பிழைகளின் விதியாக அமைத்துக் காட்டினார். ஒரே விண்மீனை ஒரு வானியலறிஞர் பன்முறை அளந்தால், ஒவ்வொரு முறையும் விடை சிறிது மாறும். அம்மாற்றங்கள் உண்மையான அளவைச் சுற்றி மணிவடிவில் குவியும் என்பது அவ்விதியின் சாரம். யூரோ நாணயம் வழக்கிற்கு வருமுன் ஜெர்மனியில் வழங்கிய பத்து மார்க் நோட்டொன்றில், காஸின் உருவத்தோடு இவ்வளைகோடும் பொறிக்கப்பட்டிருந்தது.

வானத்தை அளந்த கோடு மனிதனை அளக்க இறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதனை இறக்கியவர் பெல்ஜிய நாட்டு வானியலறிஞர் அதோல்ஃப் கெத்தலே. ஸ்காத்லாந்துப் போர்வீரர்களின் மார்புச் சுற்றளவு 1817-ஆம் ஆண்டில் எடின்பரோவிலிருந்து வெளிவந்த மருத்துவ இதழொன்றில் அட்டவணையாக இடம்பெற்றிருந்தது. கெத்தலே அதனை எடுத்துத் தொகுத்து, 1846-இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். அவருடைய அட்டவணையில் 5738 வீரர்கள் இருக்கின்றனர். 33 அங்குலச் சுற்றளவுடையோர் 3 பேர். 34 அங்குலம் 18 பேர். 35 அங்குலம் 81. 36 அங்குலம் 185. 37 அங்குலம் 420. 38 அங்குலம் 749. 39 அங்குலம் 1073. 40 அங்குலம் 1079. அதன்பின் இறக்கம்: 41 அங்குலம் 934, 42 அங்குலம் 658, 43 அங்குலம் 370, 44 அங்குலம் 92, 45 அங்குலம் 50, 46 அங்குலம் 21, 47 அங்குலம் 4, 48 அங்குலம் ஒருவர். ஏறி இறங்கும் இவ்வெண்களைக் கேட்கும்போதே மணியின் வடிவம் மனக்கண்ணில் தோன்றுகிறதன்றோ?

கெத்தலே இதற்குக் கூறிய விளக்கம் வியப்பிற்குரியது. ஒரே சிலையை ஆயிரம் முறை அளந்தால் நேரும் பிழைகள் எவ்வாறு பரவுமோ, அவ்வாறே இவ்வீரர்களின் அளவுகளும் பரவியிருக்கின்றன என்றார் அவர். இயற்கை 'சராசரி மனிதன்' ஒருவனை இலக்காக வைத்துப் படைக்கிறது. மற்றையோர் அவ்விலக்கிலிருந்து சிறிது சிறிது தவறியவர்கள் என்பது அவர் கருத்து. வானியலில் உண்மையான அளவு ஒன்றே, மற்றவை பிழைகள். மனிதருள் அப்படியா? நாற்பத்தாறு அங்குல மார்புடைய வீரன் இயற்கை செய்த பிழையாவானா? அவனும் அளந்து கண்ட உண்மையே. சராசரிதான் ஏட்டில் மட்டும் வாழ்வது. கோட்டின்மீது நம் கண்கள் நிலைகுத்தி நிற்குமாயின் மனிதனைப் பிழையாகக் காண நேரும் என்பதற்கு இது தொடக்கக் காலத்துச் சான்று.

இனி, இந்த வீரர்களின் கணக்கையே எடுத்துக்கொண்டு பவர் பிஐ மென்பொருளில் வளைகோட்டை வரைவோம். இயல்நிலை வளைகோட்டை வரைவதற்கு இரண்டே எண்கள் போதும். ஒன்று சராசரி; மற்றொன்று திட்ட விலக்கம். சராசரி, மணியின் உச்சி எங்கே நிற்கும் என்பதைக் கூறும். திட்ட விலக்கம், மணி எவ்வளவு அகன்றிருக்கும் என்பதைக் கூறும். ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டு, அவ்விலக்கங்களை வர்க்கித்து, வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். நம் வீரர்களுக்குச் சராசரி 39.83 அங்குலம், திட்ட விலக்கம் 2.05 அங்குலம். இயல்நிலைப் பரவலில் சராசரிக்கு இரு புறமும் ஒரு திட்ட விலக்கத் தொலைவிற்குள் நூற்றுக்கு 68 பங்கும், இரு விலக்கத் தொலைவிற்குள் 95 பங்கும், மூன்று விலக்கத் தொலைவிற்குள் 99.7 பங்கும் அடங்கும்.

முதற்கண், வீரர் ஒருவருக்கு ஒரு வரி வீதம் 5738 வரிகள் கொண்ட அட்டவணையை மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். அங்குல அளவைக் கிடை அச்சிலும், ஆட்களின் தொகையைச் செங்குத்து அச்சிலும் அமைத்தால், 33 முதல் 48 வரை பதினாறு பட்டைகள் எழுந்து நிற்கும். இதனை நிகழ்வுச் செவ்வகப் படம் என்பர். அளவுகள் முழு எண்களாக இன்றிப் பின்னங்களாக இருப்பின், அவற்றைச் சம அகலமுள்ள இடைவெளிகளாகப் பகுத்துக்கொள்ள மென்பொருளிலேயே வசதி உண்டு. எதற்கும் முன்னதாக வரைய வேண்டியது இப்பட்டைப் படமே. நாம் அளந்து கண்ட உண்மை இதில்தான் இருக்கிறது. வளைகோடு பின்னர் வருகின்ற விருந்தாளி.

அடுத்து, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடும் வாய்பாடுகளை மென்பொருளுக்குரிய டாக்ஸ் என்னும் மொழியில் எழுத வேண்டும். ஆவரேஜ் என்ற கட்டளை சராசரியையும், ஸ்டிடெவ்.பி என்ற கட்டளை திட்ட விலக்கத்தையும் தரும். இங்கேதான் முதல் இடறல் காத்திருக்கிறது. இம்மென்பொருள் ஒரு வாய்பாட்டைப் படத்தின் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே கணக்கிடும் இயல்புடையது. 40 அங்குலப் பட்டைக்கு வரும்போது, அப்பட்டையிலுள்ள 1079 பேரை மட்டுமே அது காணும். அவர்கள் அனைவருக்கும் அளவு நாற்பதே. ஆகவே சராசரி 40 என்றும், விலக்கம் சுழி என்றும் விடை வரும்; வளைகோட்டின் வாய்பாடு பொருளற்றுப் போகும். இதனைத் தவிர்க்க, ஆல் என்னும் கட்டளையைச் சேர்த்து, 'பட்டையைப் பாராதே, அட்டவணை முழுவதையும் பார்' என்று மென்பொருளுக்கு அறிவுறுத்த வேண்டும். பகுதியைக் கண்டு முழுமையை அளவிடலாகாது என்பது கணினிக்கும் சொல்லித் தரவேண்டிய பாடமாக இருக்கிறது!

இவ்விரு எண்களும் கைக்கு வந்தபின், நார்ம்.டிஸ்ட் என்னும் கட்டளை வளைகோட்டின் உயரத்தைக் கணக்கிட்டுத் தரும். அதற்கு நாம் நான்கு செய்திகளைக் கூறவேண்டும். பட்டைக்குரிய அங்குல அளவு, சராசரி, திட்ட விலக்கம் என்பவை முதல் மூன்று. நான்காவது செய்தி, ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்னும் ஒரு சொல். ட்ரூ என்று கொடுத்தால், அந்த அளவு வரையில் அடங்கியவர்களின் கூட்டுப் பங்கு கிடைக்கும்; படத்தில் மணிக்குப் பதிலாக, இடப்புறம் தாழ்ந்து வலப்புறம் ஏறி நிற்கும் சரிவுக்கோடு ஒன்று தோன்றும். மணிவடிவம் வேண்டுமாயின் ஃபால்ஸ் என்றே கொடுத்தல் வேண்டும்.

அவ்வாறு கொடுத்தபின்னும் மாணவர் பலர் திகைத்து நிற்பதுண்டு. பட்டைகள் ஆயிரத்தைத் தாண்டி உயர்ந்து நிற்க, வளைகோடோ தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். காரணம் இதுதான். நார்ம்.டிஸ்ட் தருவது ஆட்களின் தொகை அன்று. ஓர் அங்குல அகலத்தில் எத்தனை பங்கு அடங்கும் என்னும் அடர்த்தியே. நம் கணக்கில் அதன் உச்ச அளவு ஏறக்குறைய 0.195 மட்டுமே. அடர்த்தியைத் தொகையாக்குவதற்கு, மொத்த வீரர்களின் எண்ணிக்கையாலும் பட்டையின் அகலத்தாலும் அதனைப் பெருக்க வேண்டும். பட்டையின் அகலம் ஓர் அங்குலமாதலின், 5738-ஆல் பெருக்கினால் போதும். இரண்டங்குலப் பட்டைகளாக வரைந்திருந்தால் மேலும் இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கிய பின், கோடும் பட்டையும் இணைந்த படவகையைத் தேர்ந்தெடுத்தால், பட்டைகளின் தலைகளைத் தழுவிக்கொண்டு வளைகோடு எழும்.

இப்பெருக்கலைச் செய்யச் சோம்பி, வேறொரு குறுக்கு வழியை நாடுவோரும் உளர். வளைகோட்டிற்கென்று வலப்புறத்தில் தனியாக மற்றொரு செங்குத்து அச்சினை அமைத்துவிடுவர். மென்பொருள் அவ்வச்சின் அளவைத் தானே நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். கோடும் அழகாக எழுந்து பட்டைகளின் நடுவே நிற்கும். பார்ப்பவர், 'ஆகா, எவ்வளவு பொருத்தம்!' என்பர். அந்தப் பொருத்தம் மென்பொருள் தைத்துக் கொடுத்த சட்டை. கோட்டின் உயரத்தையும் பட்டையின் உயரத்தையும் இரு வேறு கோல்களால் அளந்துவிட்டு, இரண்டும் ஒத்திருக்கின்றன என்று கூறுவதில் பொருளில்லை. ஒரே அச்சில், ஒரே கோலால் அளந்த பின்னரே ஒப்புமையைப் பற்றிப் பேசலாம்.

நேரிய முறையில் வரைந்த படத்தை இனி நோக்குவோம். 38 அங்குலத்தில் வளைகோடு கூறும் தொகை 749. அட்டவணையில் உள்ளதும் 749. 37 அங்குலத்தில் கோடு 430 என்கிறது. உண்மையில் 420 பேர். 41 அங்குலத்தில் கோடு 949, உண்மை 934. 38 முதல் 41 அங்குலம் வரை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 67 பேர். 36 முதல் 43 வரை உள்ளவர்கள் நூற்றுக்கு 95 பேர். இரண்டே எண்களைக் கொண்டு 5738 பேரின் பரவலை இவ்வளவு நெருக்கமாகக் கூறமுடிகிறதென்றால், அது கணிதத்தின் பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. கெத்தலே உள்ளம் பறிகொடுத்ததும் இதனாலேதான்.

ஆயினும் 44 அங்குலப் பட்டையை உற்று நோக்குங்கள். அங்கே 141 பேர் இருக்கவேண்டும் என்கிறது கோடு. இருப்பவரோ 92 பேர். அதற்கு நேர்மாறாக, 46 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 15 பேர் என்கிறது கோடு. அட்டவணையில் 26 பேர் இருக்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கண்டதும் சில வினாக்கள் எழவேண்டும். அளந்தவர்கள் அங்குலத்தை ஒரே முறையில் முழுமையாக்கினார்களா? எண்களைப் படியெடுக்கும்போது தவறு நேர்ந்ததா? வெவ்வேறு இயல்புடைய பிரிவினரை ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிட்டார்களா? கோடு பட்டைகளோடு ஒத்துப்போகும் இடத்தில் நாம் புதிதாக அறிவது சிறிதே. அது விலகும் இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. வளைகோட்டை வரைவதன் பெரும்பயன் இதுவே.

மென்பொருளின் இயல்பொன்றை இங்கு நினைவூட்ட வேண்டும். எத்தகைய எண்களைக் கொடுத்தாலும் அது சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடித்துவிடும். இரண்டும் கிடைத்தால் மணியையும் வரைந்துவிடும். 'இவ்வெண்களுக்கு இக்கோடு பொருந்துமா?' என்று அது தானாகக் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஓர் அலுவலகத்தில் மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறித்துவைத்ததாகக் கொள்வோம். பெரும்பாலோர் சில நிமிடங்களில் வேலை முடிந்து செல்கின்றனர். சிலர் மட்டும் அரைமணி, முக்கால்மணி நேரம் நிற்க நேர்கிறது. சராசரி 10 நிமிடம். திட்ட விலக்கமும் 10 நிமிடம். இவ்விரண்டையும் கொண்டு வளைகோட்டை வரைந்தால், நூற்றுக்குப் பதினாறு பேர் சுழிக்கும் குறைந்த நேரம் காத்திருந்ததாக அது கூறும். அதாவது, அவர்கள் அலுவலகத்திற்கு வருமுன்னரே வேலை முடிந்து திரும்பிவிட்டார்கள்! அத்தகைய அலுவலகம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உலகில் இல்லை. கோட்டின் இம்மயக்கத்தில், முக்கால்மணி நேரம் கால்கடுக்க நின்றவர்களின் துன்பம் படத்தின் ஓரத்தில் மறைந்துபோகிறது. அந்த அலுவலகத்தைச் சீர்திருத்த விரும்புவோர் முதலில் காணவேண்டியது அவர்களையே.

மற்றோர் எடுத்துக்காட்டு. ஒரு பள்ளியின் இரு பிரிவுகளில், ஒன்றில் மாணவர்கள் 35 மதிப்பெண்ணைச் சுற்றியும், மற்றொன்றில் 75 மதிப்பெண்ணைச் சுற்றியும் பெற்றுள்ளனர் என்று கொள்வோம். இரண்டையும் கலந்தால் சராசரி 55 என்று வரும். வளைகோட்டின் உச்சியும் 55-இலேயே நிற்கும். பட்டைப் படத்தைப் பார்த்தாலோ, அங்கே ஆளே இல்லை. இரு புறமும் இரண்டு குன்றுகள், நடுவில் ஒரு பள்ளம். தலைமையாசிரியர் வளைகோட்டை மட்டும் பார்த்தால், 'எம் மாணவர்கள் நடுத்தரமானவர்கள்' என்று அமைதி கொள்வார். பட்டைகளைப் பார்த்தால், 'ஒரு பிரிவினர்க்கு ஏதோ குறை நேர்ந்திருக்கிறது' என்று விழித்துக்கொள்வார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி, ஒரே உலையில் ஒன்றாக வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். இரண்டு பானைச் சோற்றைக் கலந்துவிட்டுப் பதம் பார்ப்பது எப்படி?

ஓரங்களைப் பற்றியும் ஒரு சொல். இயல்நிலை வளைகோடு இரு ஓரங்களிலும் மிக விரைவாகத் தேய்வது. ஐந்து திட்ட விலக்கத்திற்கு மேல் கீழிறங்கும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது அது. பங்குச் சந்தையில் ஒரு நாளைய ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்று கொண்டால், ஒரே நாளில் ஐந்து விழுக்காட்டிற்கு மேல் வீழ்ச்சி என்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறையே நேரவேண்டும். ஆனால் 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாளில் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு 22.6 விழுக்காடு வீழ்ந்தது. சந்தையில் ஒருவர் விற்பதைக் கண்டு மற்றவரும் விற்கின்றனர். காரணங்கள் தனித்தனியாக இயங்குவதில்லை. நாணயங்கள் ஒன்றையொன்று பார்த்து விழுவதில்லை. மனிதரோ ஒருவரையொருவர் பார்த்தே நடக்கின்றனர். இவ்வேறுபாட்டை மறந்து மணியை நம்பினோர்க்கு அது பெருந்துயராக முடிந்தது.

எல்லாவற்றினும் பெரிய தவறு, எண்களுக்கேற்பக் கோட்டை வரைவதை விட்டு, கோட்டிற்கேற்ப மனிதரை வளைப்பது. 1981 முதல் 2001 வரை ஜாக் வெல்ச் தலைமை தாங்கிய அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், ஊழியர்களை ஆண்டுதோறும் தரம் பிரித்து, மேல் 20 விழுக்காடு, நடு 70 விழுக்காடு, கீழ் 10 விழுக்காடு என வகுக்கும் முறை கையாளப்பட்டது. கீழே வைக்கப்பட்டோர் வேலையை இழக்கவேண்டும் என்பது அம்முறையின் நோக்கம். பிற நிறுவனங்கள் பலவும் இதுபோன்ற முறைகளைப் பின்பற்றின. நாம் மேலே வளைகோடு வரைந்த பவர் பிஐ மென்பொருளை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமும் இத்தகைய முறையைப் பின்பற்றிவந்து, 2013-ஆம் ஆண்டு நவம்பரில் அதனைக் கைவிட்டது. பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட திறமைசாலிகளாக இருக்கலாம். அவர்களுள் ஒருவர் கட்டாயம் கீழ்த்தரமாகத்தான் இருக்கவேண்டும் என்று விதிப்பதற்குக் கணிதத்தில் எவ்வித ஆதாரமும் இல்லை. ஒன்றையொன்று சாராத பல சிறு காரணங்களால், பெருந்தொகையான மக்களிடையே தோன்றும் வடிவத்தை, தேர்ந்தெடுத்த பத்துப் பேரிடம் தேடுவது செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதாகும். ஒரு தேர்வில் இத்தனை பேர்தான் முதல் வகுப்புப் பெறலாம் என்று வளைகோட்டைக் காட்டி முன்கூட்டியே வரையறுப்பதும் இதே வகையினதே. வகுப்பு முழுவதும் நன்றாகக் கற்றிருந்தால், மணிவடிவம் குலைவதே ஆசிரியருக்குப் பெருமை.

'இயல்நிலை' என்னும் பெயரும் இம்மயக்கத்திற்கு ஓரளவு காரணம். அப்பெயரைப் பரவச் செய்தவர்களுள் ஒருவரான ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், பிற்காலத்தில், 1920-இல், அதன் குறையைத் தாமே எடுத்துக்காட்டினார். இவ்வளைகோட்டை இயல்பானது என்று அழைப்பதால், மற்றப் பரவல்கள் எல்லாம் இயல்புக்கு மாறானவை என்று மக்கள் எண்ணிவிடுகின்றனர் என்பது அவர் கூறியதன் கருத்து. காத்திருக்கும் நேரமும், மக்களின் வருமானமும், ஊர்களின் மக்கள்தொகையும் மணிவடிவில் பரவுவதில்லை. அவற்றின் இயல்பு அதுவே.

மாணவர்களே, நீங்கள் கல்லூரியை விட்டு வெளியேறி எத்தொழிலில் புகுந்தாலும், ஒரு நாள் கணினித் திரையில் இம்மணி உங்கள்முன் தோன்றும். அன்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டைகள் எங்கே? கோடும் பட்டையும் ஒரே அச்சில் நிற்கின்றனவா? இவ்வெண்களை உண்டாக்கிய காரணங்கள் பலவாகவும் சிறியனவாகவும் தனித்தனியாகவும் இருந்தனவா? இம்மூன்றிற்கும் தக்க விடை கிடைத்தால், வளைகோடு உங்களுக்கு உற்ற துணையாகும். 5738 பேரின் செய்தியை இரண்டே எண்களில் அடக்கித் தரும். விடை கிடைக்காவிடில், கோட்டைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பட்டைகளை மீண்டும் பாருங்கள். அங்கே நிற்பவர்கள் வரிசையில் காத்திருந்தவர்களாகவோ, தேர்வெழுதிய பிள்ளைகளாகவோ, உழைத்துக் களைத்த ஊழியர்களாகவோ இருக்கக்கூடும். அவர்களைப் பற்றி முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. அதனை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட முடியாது.